பிழையில்லாத லீவு லெட்டர்

பேனாக்களே பிழை திருத்தி எழுதத் தொடங்கியதும் பாக்கியம் டீச்சர் ஒரு சட்டம் போட்டார். லீவு லெட்டரில் ஒரு தப்பாவது இருக்கவேண்டும். இல்லையென்றால் அது மெஷின் எழுதியது, செல்லாது.

அன்றிலிருந்து ஒன்பதாம் வகுப்பு எஸ்தருக்கு ராஜயோகம்தான். எழுத்துகள் அவளிடம் மட்டும் இடம் மாறி ஆட்டம் காட்டும். அதைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை கிடையாது. இப்போது அதே பிள்ளைகள் வயிற்றுவலிக்கும் அக்கா கல்யாணத்துக்கும் அவளிடம் லெட்டர் வாங்கி, பார்த்து எழுதிக்கொள்ள, கடலைமிட்டாயோடு வந்து நின்றார்கள். வேண்டுமென்றே போடும் தப்பை டீச்சர் கண்டுபிடித்துவிடுவார். எஸ்தருடையது அசல்.

வீட்டில் கதை வேறு. அவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று கொடுத்த கம்ப்யூட்டர், சாயங்காலமானால் சாதாரணப் பேனாவைப் பிடிக்கவைத்துச் சொல் சொல்லாகப் பழக்கும். தப்பு வந்தால் கோபப்படாது. "இன்னொரு தடவை பாப்போமா?" என்று மட்டும் கேட்கும்.

காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், தன் லெட்டரைத் தானே எழுதிக் கொண்டுபோனாள். டீச்சர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏட்டி, நீயுமா? ஒரு தப்புகூட இல்லியே. மெஷின்தான எழுதிச்சு?"

சரக்கென்று கிழித்துப் போட்டு, அவளை வெளியே நிற்கவைத்தார்.

சாயங்காலம் எஸ்தர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு ஓடினாள்.

"எம்மா! நான் எழுதின லெட்டர டீச்சர் கிழிச்சுப் போட்டுட்டாங்கம்மா!"

"அதுக்கு ஏன்டி இப்படிச் சிரிச்சிக்கிட்டுக் குதிக்கே?"

"மெஷின் எழுதிச்சின்னு நெனச்சிட்டாங்கம்மா!"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது.