ஹோல்டில் பேசியவள்

வாய்க்கு வந்தபடி திட்டிய வாடிக்கையாளரை ஹோல்டில் போட்டுவிட்டு, கால் சென்டர்காரி இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். ஹோல்டில் இருப்பவருக்குப் பாட்டு மட்டும்தான் கேட்கும். திரும்ப லைனுக்கு வந்தபோது அந்த ஆள் பெட்டிப்பாம்பாக அடங்கியிருந்தார்.

"நடுவுல பேசுன பொண்ணு எல்லாத்தையும் சரி பண்ணிட்டா. உன்னை மாதிரி தண்டம் இல்ல."

"நடுவுல யாரும் பேசலையே சார்."

"புளுகாத. நீ தண்ணி குடிக்கிறேன்னு அவதான் சொன்னா. உன் பின்னாடியே நிக்கிறாளாம். நீ எப்ப எந்திரிப்பேன்னு பாத்துக்கிட்டிருக்காளாம்."

அவள் நாற்காலி சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பின்னால் ஒரு ஆள் நிற்க இடமே கிடையாது.

ஷிஃப்ட் முடிந்தும் அவள் எழவில்லை. சூப்பர்வைசர் வந்து வள்ளென்று விழுந்தார்.

"எந்திரிம்மா! அடுத்த ஷிஃப்ட் பொண்ணு எவ்வளவு நேரம்தான் உன் பின்னாடியே நிப்பா?"