முதல் பூச்சு

சரக்… சரக்…

இரும்புச் சட்டியில் கரணை உரசும் சத்தம். சின்ன வயதில், கட்டடம் நடக்கிற இடங்களில் மஞ்சு கேட்ட சத்தம் அது. கொத்தனாரான அவள் நைனா கடைசிக் கலவையை வழித்தெடுக்கிறார், இனி வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

இப்போது விடிந்தும் விடியாமலும் அதே மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் மெல்லிசாக, கொல்லையிலிருந்து வருகிறது.

எட்டிப் பார்த்தாள். நைனா ராஜாங்கம் ஒரு கற்றாழை மடலைப் பிளந்து, தட்டில் வைத்து ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தார். வழித்த சோற்றைத் தன் கன்னத்தில் தடவிக்கொண்டு, சுவரில் மாட்டிய கண்ணாடி முன்னால் அசையாமல் உட்கார்ந்தார்.

கற்றாழை மஞ்சுவுக்காக வந்தது. எதையோ க்ரீம் என்று பூசி, அவள் முகம் சிவந்து, பருவாக வெடித்து எரிந்தது. "முகம் தெளிஞ்சதும் வாம்மா" என்று துணிக்கடை முதலாளி அனுப்பிவிட்டார். டாக்டரம்மா க்ரீமை நிறுத்தி மாத்திரை எழுதினார். எரிச்சலுக்குப் பச்சைக் கற்றாழை பூசலாம், அறுத்த மடலிலிருந்து வரும் மஞ்சள் பால் நன்றாக வடியட்டும் என்றார். முதல் மடலிலேயே பால் சரியாக வடியவில்லை. கன்னம் வீங்கி அன்றெல்லாம் அழுதாள்.

அதற்குப் பிறகு காலையில் எழுந்தால், அடுப்படியில் ஒரு கிண்ணத்தில் கற்றாழைச் சோறு மூடி இருக்கும்.

நைனா பூசியது போக மிச்சம்.

குழாயடியில் மீனம்பாள் குடத்தை நகர்த்திக்கொண்டே கேட்டாள்.

"இன்னா மஞ்சு, உங்க வூட்ல கல்யாணமாமே?"

"யாருக்குக்கா?"

"உங்க நைனாவுக்குத்தான். வாரத்துக்கு ஒருக்கா மழிக்கிற மனுசன் இப்ப தெனம் மழிக்கிறாரு. மூஞ்சில கத்தாழை. ஞாயித்துக்கெழமையானா சிங்கவரம் பஸ்ஸு. அங்க யாரு இருக்கறாங்க உங்களுக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மஞ்சு அரைக் குடத்தோடு திரும்பினாள்.

சாயங்காலம் சோறு போடும்போது கேட்டாள்.

"நைனா, சிங்கவரத்துக்கு எதுக்குப் போற?"

"கத்தாழைக்கு."

"இங்க இல்லாத கத்தாழையா?"

"இங்க எல்லாம் ரோட்டோரம், சாக்கடை ஓரம். அங்க வரப்புல நல்லா வளந்திருக்குது."

தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். மஞ்சுவுக்கு அது பொய்யாகவே பட்டது.

"அம்மா போயி மூணு வருசம்கூட ஆவல."

"ஆமா" என்றார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மஞ்சு பையில் துணியை அடுக்கினாள். தளவானூர் முதல் பஸ்ஸுக்குப் போய்விடலாம். போகுமுன் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றுதான் கொல்லைக்கு வந்தாள்.

நைனாவின் இடது கன்னம் சிவந்து தடித்திருந்தது. பக்கெட்டுத் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தார். பிளந்த மடலை வேலிக்கு அப்பால் வீசினார். இன்னொரு மடலை அறுத்து, பால் வடியச் சாய்த்து வைத்தார்.

"தளவானூருக்குப் போறேன். பெரியம்மா வூட்லயே இருந்துக்கறேன். நீ உன் இஷ்டப்படி இரு."

அவர் பையைப் பார்த்தார்.

"கொஞ்சம் இரும்மா. இந்த மடலப் பாத்துட்டுத் தரேன். எடுத்துட்டுப் போ."

"அதுல இன்னா பாக்கணும்?"

"எரியுதான்னுதான். முன்ன வச்சது எரிஞ்சிச்சி, வீசிட்டேன். எரியாததாப் பாத்துத்தான் தெனம் உனக்குக் கிண்ணத்துல வைக்கிறது."

பை மஞ்சுவின் தோளிலேயே இருந்தது. குரல் மட்டும் இறங்கியது.

"அத மூஞ்சிலதான் பாக்கணுமா நைனா? கையில தடவிப் பாத்தா ஆவாதா?"

ராஜாங்கம் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். சாம்பல் பூத்து, பாளம் பாளமாக வெடித்துக் காய்த்துப்போன கைகள்.

"இதுலயா? சிமெண்ட்டு தின்ன கைம்மா. நெருப்ப வச்சாலும் தெரியாது. மூஞ்சிதான் இன்னும் கொஞ்சம் உயிரோட இருக்குது. அதுவும் மழிச்ச எடத்துல வச்சாத்தான் சட்டுனு தெரியுது."

தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. மஞ்சு பையை இறக்கி வைத்துவிட்டு, பக்கெட்டிலிருந்து தண்ணீர் மொண்டு அவர் கன்னத்தில் மெல்ல ஊற்றினாள்.

தை பிறந்தபோது மஞ்சுவின் முகம் தெளிந்துவிட்டது. துணிக்கடைக்குத் திரும்பப் போனாள். ராஜாங்கத்தின் இடது கன்னத்தில் விழுந்த கறுப்பு மட்டும் கடைசிவரை போகவில்லை.