முன்சக்கரம்

வெள்ளத்தாய் கண்மாய்க்கரையிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டாள்.

சைக்கிள் பந்தயம் முடிகிற இடம் இன்னும் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் இருக்கிறது என்று கண்டக்டர் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் வாங்கவில்லை. பிறந்த ஊர் அவளுக்குத் தெரியாதா?

ராஜபாளையம் ரோட்டில் மரமே இல்லாத இடம் அது. ஆடி மாதம் மலையிலிருந்து இறங்குகிற காற்று அங்கே ஆளையே தள்ளும். சின்ன வயதில் அவள் கரையில் காயப்போட்ட பாவாடைகள் எத்தனையோ அந்தக் கண்மாய்க்குள் போயிருக்கின்றன.

பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். காற்றுக்காக அல்ல.

காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடக் கூடாதே என்று விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள்.

தோடு சக்கரமாகிவிட்டது.

அவள் புருஷன் பால்ச்சாமிக்கு மில்லில் வேலை. லீவு நாளில் சைக்கிள் பந்தயம். சியோல் ஒலிம்பிக்கை டி.வி.யில் பார்த்ததிலிருந்து பைத்தியம் முற்றிவிட்டது. கம்பியே வெளியில் தெரியாமல் இரண்டு பக்கமும் தட்டுப்போல மூடிய சக்கரம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமாம். சைக்கிள் கடை சங்கரலிங்கத்தைப் பிடித்து பம்பாயிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்தான்.

இதெல்லாம் பந்தயத்தையே பிழைப்பாக வைத்திருக்கிறவனுக்கு, நம்மைப் போன்றவர்கள் தொந்தியைக் கொஞ்சம் குறைத்தாலே இதைவிட வேகமாகப் போகலாம் என்று சங்கரலிங்கமே சொன்னார். விற்கிறவரே வேண்டாம் என்கிறார், வாங்குகிறவன் விடமாட்டேன் என்கிறான். அப்படியும் ஒரு மனுஷன்.

வெள்ளத்தாயும் கெஞ்சினாள். அந்தத் தோடு அவள் அப்பா சாவதற்கு முன் ஆசையாகச் செய்து போட்டது. தங்கச்சிக்கு வேறு அடுத்த வாரம் கல்யாணம்.

"ஏட்டி, ஒனக்கு என்ன தெரியும்? வாய மூடிட்டு இரு."

கழற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கல்யாணப் பந்தியில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான். அப்படியும் தலைப்பு நழுவிவிட்டது. தளவாய்புரத்துச் சம்பந்தி வீட்டுப் பெண்கள் அவள் காதைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை இன்னும் அவள் நெஞ்சில் எரிகிறது.

சக்கரத்துக்கோ ராஜ மரியாதை. பாலிதீன் உறை பிரிக்காமல் பீரோ மேல் இருந்தது. பந்தயத்தன்றுதான் ரோட்டில் பட வேண்டும் என்று ஒரு தடவை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்று காலையில்தான் இரண்டையும் சைக்கிளில் மாட்டி, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினான். போகும்போது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

மற்ற பெண்கள் புருஷன் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். வெள்ளத்தாய் அவன் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். உயிருக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது. நாலு பேர் பார்க்க விழ வேண்டும், அது போதும்.

வந்தார்கள்.

பால்ச்சாமிதான் முன்னால். இரண்டு தட்டுகளும் வெயிலில் பளபளத்தன. தன் தோடுதான் உருண்டு வருகிறது என்று நினைத்து வெள்ளத்தாய் பல்லைக் கடித்தாள்.

ரோட்டோரத்து மரங்கள் முடிந்தன. மேற்கேயிருந்து வந்த காற்று சக்கரத்தைப் பிடித்தது.

முன்சக்கரம் அவன் கைக்கு அடங்காமல் திரும்பியது. சைக்கிள் ரோட்டுக்குக் குறுக்கே போனது. எதிரே பருத்தி ஏற்றிய லாரி. வெள்ளத்தாய் ஐயோ என்று எழுந்து நின்றுவிட்டாள்.

லாரிக்காரன் ஒடித்துத் திருப்பிவிட்டான்.

பால்ச்சாமி எதிர்ப்பக்கத்துக் கருவேல முள்ளுக்குள் கிடந்தான். சாதா சைக்கிளில் குனிந்து மிதித்து வந்தவர்கள் ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே போனான்.

அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. கூடவே பழைய கோபமும் வந்தது.

துவைத்துக்கொண்டிருந்தவர்களும் ஆடு மேய்த்தவர்களும் ஓடிவந்து அவனை வெளியே இழுத்தார்கள். பந்தயத்தின் முடிவைப் பார்க்க அப்போதுதான் மொபெட்டில் வந்த சங்கரலிங்கம் முதலில் ஆளைப் பார்த்தார், எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து சைக்கிளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நேரே வெள்ளத்தாயிடம் வந்தார்.

"ஏத்தா, பின்னால மட்டும் மாட்டச் சொல்லு, முன்னால மாட்டுனா ஆடிக்காத்து பெரட்டிரும்னு வீட்டு வாசல்ல வந்து ஒங்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேனே. அவன்ட்ட சொல்லலையா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"சொன்னேன் அண்ணாச்சி. எஞ்சொல்ல அவிய என்னைக்குக் கேட்டாக?"

கூட்டம் தலையாட்டியது. தெரிந்த சங்கதிதானே என்று ஒரு பெண் அவன் காதுபடவே சொன்னாள்.

பால்ச்சாமி முள் கீறிய முகத்தோடு வெள்ளத்தாயையே பார்த்தான். எதையோ சொல்ல வாயைத் திறந்தான். யோசித்தான். அவள் சொன்னது எதுவும் அவனுக்கு என்றைக்கும் நினைவில் நின்றதில்லை. இதையும் சொல்லித்தான் இருப்பாள் என்று தோன்றியதோ என்னவோ, வாயை மூடிக்கொண்டு தலை குனிந்துகொண்டான்.

வெள்ளத்தாய் சேலைத் தலைப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். இனி யார் பார்த்தால் என்ன?

சங்கரலிங்கம் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன அன்று, பால்ச்சாமி சாப்பிட உட்கார்ந்ததும், ரசத்துக்கு உப்புப் போதுமா என்று மட்டும்தான் அவள் கேட்டாள்.

அதற்கும் அவன் பதில் சொல்லவில்லை.