மூன்று ரிவர்ஸ் கியர்

டிராக்டர் முன்னால் போகவில்லை. நேராகப் பின்னால் போய், வில்சன் அங்கிளின் ஸ்கூட்டரை மதிலோடு வைத்து நசுக்கிய பிறகுதான் நின்றது.

"டேய் மேத்யூ! இன்னாடா பண்ணி வச்சிகீறே?"

கத்தியது வில்சன் அங்கிள். ஓட்டியது அம்புரோஸ் மாமா. திட்டு எனக்கு. கியர் பாக்ஸைக் கழற்றி மாட்டியவன் நான்தானே.

டிராக்டர் என்றதும் வயலில் ஓடுவதை நினைக்காதீர்கள். எங்கள் ராயபுரம் கல்லறைத் தோட்டத்தில் அம்புரோஸ் மாமா புல் வெட்டுகிற குட்டி வண்டி. உட்கார்ந்து ஓட்டலாம், அவ்வளவுதான். கல்லறைத் திருநாள் நெருங்குகிற நேரம் பார்த்து கியர் பல் உடைந்து படுத்துவிட்டது. முழங்கால் வரைக்கும் புல்.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கொருக்குப்பேட்டைப் பட்டறையில் லோடு ஆட்டோ கியர் வேலை கற்றுக்கொள்கிறேன். "சும்மாவே பண்ணித் தர்றேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குள் பழைய பேனரை விரித்து வேலை நடந்தது. அம்மா மீன் கழுவுகிற பேசினில் டீசலை ஊற்றிப் பல்சக்கரங்களைக் கழுவினேன். அதற்கு வாங்கின அடி தனிக்கதை.

வண்டி பின்னால் போன அந்த நொடியே தப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"உள்ள ஒரு பெரிய சக்கரம் கீது அங்கிள். அத பக்கம் மாத்தி மாட்டிட்டேன். அதான் மூணு கியரும் பின்னால போவுது. ரிவர்ஸ் போட்டா முன்னால போவும்."

"அப்போ ஓட்டறவன் தலைகீழா தொங்கிக்கினு ஓட்டணுமா?"

அம்புரோஸ் மாமா அதற்குள் ரிவர்ஸைப் போட்டுப் பார்த்தார். வண்டி சமர்த்தாக முன்னால் நகர்ந்தது.

"போவுது சார். மெதுவா, சோக்கா போவுது. புல்லு வெட்ட இந்த ஸ்பீடு போதும்."

வில்சன் அங்கிள் கல்லறைக் கமிட்டி செகரட்டரி. நசுங்கின ஸ்கூட்டரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நீங்க எறங்குங்கண்ணே. உங்களுக்கு வயசாயிடுச்சி. திங்கக்கிழமையிலேர்ந்து நம்ம அலெக்ஸாண்டர் ஓட்டட்டும். நீங்க வூட்ல ஜாலியா ரெஸ்ட் எடுங்க."

அலெக்ஸாண்டர் வேறு யாருமில்லை, அவருடைய அக்கா மகன்.

"ரெஸ்ட்டு சோறு போடுமா சார்?"

அங்கிளுக்கு அது காதில் விழவே இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னாடா வேடிக்க பாக்கறே? கழட்டு. அந்தச் சக்கரத்த ஒயுங்கா பக்கம் மாத்தி மாட்டிக் குடு."

மறுபடி வீடு. மறுபடி பேனர். மறுபடி டீசல் நாற்றம். அம்மா விளக்குமாறும் கையுமாக நின்றது.

"கோயிலுக்குப் பண்றேன்னு வூட்ட கலீஜ் பண்ணிக்கினு கீறே. இந்த வாட்டியாவது அந்தாளு திட்டாத மாதிரி பண்ணுடா. பூசைக்குப் போனா என் மானம் போவுது."

"வேலை செய்ய வுடும்மா."

திங்கட்கிழமை காலை வண்டியோடு கியர் பாக்ஸைச் சேர்த்து முடித்தபோது அலெக்ஸாண்டர் வந்துவிட்டான். கறுப்புக் கண்ணாடி, கறுப்பு ஜீன்ஸ். வீடியோ எடுக்கத் தோஸ்துங்க நாலு பேர்.

"மாமு, ரெடியா? ஸ்டார்ட்!" என்றான் அவர்களிடம்.

முதல் கியரைப் போட்டான். வண்டி பின்னால் போனது. பதறிப்போய் அடுத்த கியரைப் போட்டான். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்த டிரம்மில் முட்டி, டிரம் கவிழ்ந்தது. கறுப்பு ஜீன்ஸ் வெள்ளை ஜீன்ஸ் ஆனது. தோஸ்துங்க வீடியோவை நிறுத்தவே இல்லை.

"இத மன்சன் ஓட்டுவானா மாமா? எனுக்கு இந்த வேலயே வேணாம்!"

ஜீன்ஸில் சுண்ணாம்பு சொட்டச் சொட்ட, வில்சன் அங்கிளைத் திரும்பியும் பார்க்காமல் வெளியே நடந்தான்.

அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு தபா! படிப்பும் வரல, வேலையும் வரல. நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!"

நான் கவிழ்ந்த டிரம்மை நிமிர்த்தி வைத்தேன்.

அம்புரோஸ் மாமா தோள் துண்டால் சீட்டைத் துடைத்து ஏறினார். ரிவர்ஸைப் போட்டார். வண்டி முன்னால் போனது. ஒரு கல்லறையையும் உரசாமல், சலூன்காரர் மெஷின் போடுகிற மாதிரி புல்லை வழித்துக்கொண்டே போனார்.

அங்கிள் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார்.

"சரி, அவரே ஓட்டட்டும். இந்தக் கருமத்த வேற எவன் தொடுவான்?"

வேலை முடிந்து இறங்கின மாமா என் தோளில் கை போட்டார்.

"கோச்சுக்காத நைனா. தொயில ஒயுங்கா கத்துக்கோ. ரெண்டு வாட்டியும் அதே தப்பு பண்ணினா எவன்டா உன்ன நம்பி வண்டி வுடுவான்?"

"சரி மாமா."

தெருவில் இப்போது என் பேர் 'ரிவர்ஸ்'. பட்டறைப் பையன்கள் என்னைப் பார்த்தால் பின்னாலேயே நடந்து சலாம் வைக்கிறார்கள். அம்மா பேசினைத் தேய்க்கும்போதெல்லாம், "ஒரு சக்கரத்த மாட்டத் தெர்ல" என்கிறது.

மாட்டத் தெரியும். ரெண்டாவது தடவை அந்தச் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கிள் காதில் விழாத அந்த 'ரெஸ்ட்டு சோறு போடுமா' என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்தப் பக்கம் போட வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

அங்கிள் பக்கத்தை மாற்றச் சொன்னார். நான் மாற்றவில்லை.