கருடனுக்குப் புதுக் கூண்டு

"மறுபடியும் ஓட்டைப் பிரிக்கணுமா? ஆண்டிச்சாமிண்ணே, இது கருடனுக்குக் கூண்டா, இல்ல கலெக்டர் தொரைக்குப் பங்களாவா?"

ஏணியில் நின்றபடியே கத்தினார் சோணைமுத்து ஆசாரி. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி, பெருமாள் கோயில் காவல்காரர்.

"அந்த மூலையில வெளிச்சம் தெரியுது ஆசாரி. வெளிச்சம் நுழைஞ்சா தண்ணியும் நுழையும்."

"நுழையட்டுமே! வானத்துல திரியிற சாதிக்கு மழை புதுசா? பொறந்ததுலருந்து கொடை புடிச்சுக்கிட்டா பறந்துச்சு?"

"கோடை மழை பொல்லாதது. கருடனுக்குச் சளி புடிச்சா யாரு பதில் சொல்றது?"

ஆசாரி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டைப் பிரித்தார்.

பழைய மூங்கில் கூண்டைப் பூனை பிறாண்டிக் குதறிவிட்டது. அதனால்தான் இந்த அவசர வேலை. வெள்ளிக்கிழமை கும்பாபிஷேகம். பொங்கல் சமயத்தில் கண்மாய்க் கரையில் அடிபட்டுக் கிடந்ததாகச் சொல்லி ஆண்டிச்சாமி எடுத்துவந்த கருடன், இப்போது சிறகு தேறிவிட்டது. கலசத்தில் நீர் விழும் நேரத்தில் கூண்டைத் திறப்பார்கள். அது கோபுரத்தை வட்டமிட்டால் பெருமாளுக்குச் சம்மதம். வயல் பக்கம் போய்விட்டால் சம்மதமில்லை. ஊர் கூடிப் பேசி வைத்த முடிவு இது.

ஆசாரிக்கு இதில் தன் வீட்டு விஷயமும் இருந்தது. அவர் மகள் முருகம்மாளைப் பெண் பார்த்துவிட்டுப் போன கொட்டாம்பட்டி சோலையம்மாள், "கருடன் வந்து சுத்தட்டும். மறுநாளே பரிசம் போடுறோம். சுத்தலைன்னா எங்களை மறந்துருங்க" என்று சொல்லியிருந்தாள். இதற்கு முன் வந்த இடங்களில் ஒன்று பல்லி கத்தியதால் நின்றது. இன்னொன்று, மாப்பிள்ளை வீட்டார் வண்டிக்குக் குறுக்கே எண்ணெய்க் குடம் வந்ததால் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. முருகம்மாள் இப்போதெல்லாம் யார் வந்தாலும் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. இந்த இடமாவது கூடட்டும் என்றுதான் கூண்டு வேலையை வேண்டுதலாக எடுத்துக்கொண்டார் ஆசாரி.

ஓடு வேய்ந்து இறங்கியவர், "தண்ணித் தொட்டி எந்தப் பக்கம் வைக்க?" என்று கேட்டார்.

"தொட்டியே வேண்டாம்."

"அது தண்ணி குடிக்காதா?"

"நான் சங்குல புகட்டிக்கிறேன். தொட்டி வச்சா முங்கிக் குளிக்கும்."

"குளிச்சா என்ன? பெருமாளு வாகனம் குளிக்காம கொள்ளாம அழுக்கோட நிக்கணுமா? நல்லாயிருக்கே கதை!"

"கத்தாத ஆசாரி. முன்னால ஒரு வேலியும் போட்டுரு. சனம் கை நீட்டினா எட்டக் கூடாது."

"எம்புட்டுத் தூரத்துக்கு? மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவுலயா?" ஆசாரி உளியைத் தரையில் வீசினார். "பிள்ளை பெத்தவளுக்குக்கூட இம்புட்டுப் பத்தியம் கிடையாதுண்ணே. நானும் காலையிலருந்து பாக்குறேன். நனையக் கூடாது, குளிக்கக் கூடாது, தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை அது பறக்குமா, இல்ல பல்லக்குல வச்சுத் தூக்கிட்டுப் போகணுமா?"

"நீ மரவேலையைப் பாரு. பறவையை நான் பாத்துக்கிறேன்."

ஒருவழியாக வேலி நின்றது. கதவுக்குக் கொண்டி மாட்டியாயிற்று. ஆண்டிச்சாமி பழைய கூண்டிலிருந்து கருடனை வேட்டித் துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் வாசலில் ஒரு வில்வண்டி சலங்கையோடு வந்து நின்றது. சத்தத்தில் மிரண்ட பறவை துணியை உதறிக்கொண்டு கீழே விழுந்தது. மரத்தூளைக் கிளப்பியபடி வேலிப் பக்கம் ஓடியது.

"ஆசாரி, தொடாத!" என்று அலறினார் ஆண்டிச்சாமி.

அதற்குள் ஆசாரி பாய்ந்து, ஒரு கையால் கழுத்தையும் மார்பையும், மறு கையால் சிறகையும் சேர்த்து அமுக்கிவிட்டார். அது திமிறத் திமிறக் கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பிறகு திரும்பி ஆண்டிச்சாமியைப் பார்த்தார். ஆண்டிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

வண்டியிலிருந்து இறங்கியவள் கொட்டாம்பட்டி சோலையம்மாள். கையில் ஒரு பித்தளைச் செம்பு.

"தள்ளுங்கண்ணே. வெள்ளைத் தலையும் செவந்த ரெக்கையுமா லட்சணமா இருக்குன்னு ஊரே பேசுது. எம் பையன் கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு நேந்துக்கிட்டேன். இந்த மஞ்சத்தண்ணியை அது தலையில ஊத்திட்டு ஒரு கும்பிடு போட்டுக்கிறேன்."

அவள் வேலியைத் தாண்டிக் காலெடுத்து வைத்தாள். ஆசாரி கூண்டுக் கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது தங்கச்சி!"

"என்னண்ணே இது? வாகனம் குளிக்காம நிக்கணுமான்னு நீங்க போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சே!"

"அது புரியாமப் பேசினது. கருடன் விரதத்துல இருக்கு. வெள்ளிக்கிழமை மேல பறக்கையில பாத்துக்கங்க, கண் குளிர. அதுவரைக்கும் யாரும் இந்தப் பக்கம் வரப்படாது. ஆண்டிச்சாமிண்ணே, மேக்கால ஒரு தட்டி கட்டணும். சாரல் அடிக்கும்."

சோலையம்மாள் பயபக்தியோடு பின்வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் ஆசாரி மறைத்திருந்த கைகளை ஆண்டிச்சாமி ஒருவர்தான் பார்த்தார்: ஒரு கை நிறையச் சுண்ணாம்பு, மறு கை நிறையக் காவி.