சொட்டு நீலம்

ரேஷன் கடையிலிருந்து திரும்பிய கைசர் ஜஹான், தன் வீட்டுக் கதவைப் பார்த்ததும் சர்க்கரைப் பையைக் கீழே போட்டாள்.

கதவில், தலைக்கு மேல், நீலப் பெயின்ட்டில் ஒரு கோடு. பக்கத்தில் 17 என்று ஒரு நம்பர்.

சிந்தாதிரிப்பேட்டையின் அந்தக் கூவக்கரைச் சந்தில் யார் வீட்டில் என்ன குழம்பு, எந்த மருமகள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பதெல்லாம் அவளைக் கேட்டால்தான் தெரியும். அப்பேர்ப்பட்டவள் இல்லாத அரை மணி நேரத்திலா இது நடக்க வேண்டும்!

கதவில் நம்பர் விழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பல வருஷம் முன்பு எதிர்வீட்டு ஜானகியின் கதவில் விழுந்த ஒன்பதாம் நாள் லாரி வந்தது. கட்டில், மிக்ஸி, பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றி ஊருக்கு வெளியே எங்கேயோ இறக்கிவிட்டார்கள்.

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். மிச்சமிருந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அழுத்தித் துடைத்தாள்.

மூன்றாம் வீட்டுத் தங்கவேல் பல் துலக்கியபடியே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இன்னாம்மா, நம்பர அழிச்சிக்கினு கீறே? நம்பர் இல்லாதவனுக்கு அங்க வூடு கூட குடுக்க மாட்டான். ரோடுதான்."

இருந்தால் லாரி, இல்லாவிட்டால் ரோடு.

உள்ளே ஓடினாள். பெயின்ட்டுக்கு எங்கே போவது? துணிக்குப் போடும் சொட்டு நீலம் இருந்தது. விரலில் தொட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு கோடு இழுத்தாள். கோடு எங்கே இருந்தால் என்ன, நம்பர்தானே முக்கியம்? பதினேழில் ஏழு வழிந்து வாசற்படியைத் தொட்டது.

அப்போதுதான் டேப்பும் பெயின்ட் டப்பாவுமாக ஒரு பெண் சந்துக்குள் வந்தாள். இருபது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை.

"கைசரம்மா, இந்தக் கோட்ட யாரு போட்டது?"

பேர் வரைக்கும் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் லிஸ்ட் தயார். கைசர் ஜஹான் நீல விரலை முந்தானைக்குள் ஒளித்தாள்.

"நீங்கதான போட்டீங்க!"

பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "வூட்ட இடிக்கிறதுக்கு இல்லம்மா. அந்தப் பெரிய வெள்ளத்துல தண்ணி நின்ன ஒசரம் இது. மீட்டர் பொட்டிய இதுக்கு மேல மாட்டச் சொல்லணும். ஆறு ஏறுனா எந்த வூட்டுக்கு மொதல்ல ஓடியாரணும்னு தெரியணும்."

ஸ்டூலில் ஏறி, பழைய இடத்திலேயே பிரஷ்ஷை வைத்தாள்.

உயிர் திரும்பியதும் கைசர் ஜஹானுக்கு வாயும் திரும்பியது. "நான்தான் காலைல வூட்லயே இல்லியே. இவ்ளோ ஒசரம்னு எவன் சொன்னான்? அந்தத் தங்கவேலா?"

பெண் திரும்பாமலே சொன்னாள்.

"யாரும் சொல்லல. அன்னிக்கு எதிர் வூட்லேர்ந்து என்னத் தூக்கியாந்து உங்க பரண்ல உக்கார வச்சீங்களே. என் கால் நனைஞ்ச எடம் இது."

கைசர் ஜஹான் எதிர்ப்பக்கம் பார்த்தாள். ஜானகியின் வீடு இருந்த இடத்தில் தகர வேலிதான் இருந்தது.

ஸ்டூல் லேசாக ஆடியது.

அவள் சட்டென்று குனிந்து அந்தக் கணுக்கால்கள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். நீலம் ஒட்டிக்கொண்டது.