எட்டுக் கிலோ கொடுவா

"தங்கச்சி வீட்டுக்காரர் கொடுத்தனுப்பியிருக்கார், பாருங்க. நாலு பாறை மீன். செதிள் சீவி, குடல் எடுத்து, அலசியே அனுப்பியிருக்கார். நேரா சட்டியில போட வேண்டியதுதான். நீங்களும் இருக்கீங்களே!"

மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள். கூடத்தில் பம்ப் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மூத்த மாப்பிள்ளைக்கு வயிறு பற்றி எரிந்தது. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

"இப்போ கொடுவாக்குத் தடைக்காலம். நான் கொடுவா பிடிக்கிறவன். பொடி மீனுக்கெல்லாம் தூண்டில் தூக்க மாட்டேன்" என்றார்.

"மத்த மீனுக்குத் தடை இல்லையாமே? கொடுவா மாட்டினா மட்டும் உடனே தண்ணியில விட்டுடணுமாம். மத்ததைத் தாராளமாப் பிடிக்கலாமாம். அவர்தான் சொன்னார்."

"சொல்வார். வாத்தியாராச்சே."

"அப்பாகூட நேத்து..." என்று இழுத்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"என்ன?"

"அந்தத் தூண்டிலைச் சின்னவருக்கே கொடுத்துடலாமான்னு யோசிக்கிறாராம்."

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவி விழுந்தது.

அது மாமனார் முப்பது வருஷம் கடலில் வீசிய தூண்டில். தோள்பட்டை ஒத்துழைக்காமல் போன பிறகு சுவரில் மாட்டி, தினமும் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாப்பிள்ளைகளில் யார் கெட்டிக்காரரோ அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார். போன வருஷம் மூத்தவர் எட்டுக் கிலோ கொடுவாயைத் தோளில் தூக்கி வந்து வாசலில் போட்டதும், தூண்டில் யாருக்கு என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. மீனோடு அவரை நிற்க வைத்து எடுத்த படம் இன்னமும் மாமனார் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அதற்குள் இந்தச் சின்னவர் வந்து ஊடே புகுந்துவிட்டார்.

கொக்கியில் முடிச்சுப் போடக்கூடத் தெரியாத மனுஷன்! எப்படித் தினமும் கூடை நிரம்புகிறது?

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, அலைதடுப்புப் பாறைகளுக்குப் பின்னால் மூத்தவர் பதுங்கி நின்றார். சின்னவர் சைக்கிளில் வந்து இறங்கினார். இப்படியும் அப்படியும் பார்த்தார். ஒரு பையை எடுத்துப் பாறை இடுக்கில் சொருகி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். பிறகுதான் தூண்டிலைப் பிரிக்கவே ஆரம்பித்தார்.

'ஆகா, மாட்டினான்! வேற எங்கேயோ கள்ளத்தனமாக் கொடுவா பிடிச்சு இங்கே பதுக்குறான்!'

அவருக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோயிற்று. அங்கிருந்தபடியே மீன்வளத் துறை ஆபீசுக்குப் போன் போட்டார். பக்கத்துத் துறைமுகத்தில்தான் ஆபீஸ். பத்தே நிமிஷத்தில் மோட்டார் சைக்கிளில் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். தற்செயலாக நடக்க வந்தவர் மாதிரி மூத்தவரும் கையை வீசிக்கொண்டு பின்னாலேயே போனார்.

"சார், அந்த இடுக்குல என்ன வச்சிருக்கீங்க?"

சின்னவர் முகம் செத்துவிட்டது. "ஒண்ணுமில்ல சார்..."

இன்ஸ்பெக்டர் சாக்கை விலக்கிப் பையைப் பிரித்தார். உள்ளே ஆறு சங்கரா மீன்கள் இருந்தன. மருந்துக்குக்கூடக் கொடுவா இல்லை. ஒரு மீனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். குடலும் இல்லை, செதிளும் இல்லை. பை ஓரத்தில் கரையாத ஐஸ் வேறு.

அவர் தூண்டிலைத் தொட்டுப் பார்த்தார். நுனிவரை காய்ந்து கிடந்தது.

"கடலுக்குள்ளேயே குடல் எடுத்து, ஐஸ் போட்டு அனுப்புறாங்களா, சார்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "மீன் வாங்கறதுக்கு எந்தச் சட்டத்துலயும் தடை இல்ல. நீங்க நடத்துங்க."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதுதான் தாமதம், சின்னவர் மூத்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சகலை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வீட்ல சொல்லிடாதீங்க. மாமா காதுக்குப் போச்சு, நான் தொலைஞ்சேன்!"

"எதுக்குய்யா இந்த வேலை?"

"பொறாமைதான் சகலை, வேற என்ன? நீங்க அந்தக் கொடுவாயைத் தூக்கிட்டு வந்தீங்களே, அன்னிக்குப் போச்சு என் மரியாதை. எதுக்கெடுத்தாலும் 'அக்கா வீட்டுக்காரரைப் பாருங்க'ன்னு ஒரே பேச்சு. அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்காது. ரெண்டு மாசம் தூண்டில் போட்டேன். ஒரு பொடி மீன்கூடக் கடிக்கல. அதான் கடையில வாங்க ஆரம்பிச்சேன். கடைக்காரம்மா பழக்கதோஷத்துல அதைச் சுத்தம் பண்ணியே கொடுத்துடுறாங்க. என்ன செய்ய?"

மூத்தவரின் கையில் இன்னமும் போன் இருந்தது. மாமனாருக்கு ஒரு வார்த்தை போதும். இன்றைக்குச் சாயங்காலமே அந்தத் தூண்டில் மூத்தவர் வீட்டுச் சுவரில் ஏறிவிடும். ஒரு வருஷமாக அவர் ஏங்கிக்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சகலையின் பக்கத்தில் பாறைமேல் உட்கார்ந்தார். ஒரு சங்கராவை எடுத்து, கிழிந்த வயிற்றை விரலால் தடவிப் பார்த்தார்.

"இனிமே குடல் எடுக்காம கொடுக்கச் சொல்லுங்க, சகலை. போன வருஷம் நான் அதே அம்மாகிட்ட அப்படிச் சொல்லித்தான் கொடுவா வாங்கினேன்."